பந்தியும் பிரமாணமும்
திருச்சபையில் விசுவாசமும் கூடிவாழ்தலும் குறித்து ஓர் ஆய்வு

சபை எழுந்து நின்று சொல்லும் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தின் மூன்றாம் பகுதி பரிசுத்த ஆவியில் தொடங்குகிறது. அடுத்து பொதுவான திருச்சபை, பரிசுத்தவான்களின் ஐக்கியம், பாவமன்னிப்பு, சரீர உயிர்த்தெழுதல், நித்திய ஜீவன் என்று வரிசை போகிறது. ஐக்கியம் எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. செய்தால் நல்லது என்று சொல்லப்படும் ஒழுக்கங்களின் பட்டியலில் அது இல்லை. பாவமன்னிப்புக்கு முன்பாக, விசுவசித்தே ஆக வேண்டிய சத்தியங்களுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது.

நடைமுறையோ வேறு. விசுவாசம் என்பது ஆளுக்கும் ஆண்டவருக்கும் இடையிலானது, யாரோடு உட்கார்வது, யாரோடு உண்பது, யாரை எங்கே அடக்கம் செய்வது என்பதெல்லாம் ஊர் வழக்கத்தைச் சேர்ந்தது என்ற பிரிவினை வெகுகாலமாக நிலவுகிறது. இப்படிப் பிரித்துப் பார்க்கப் புதிய ஏற்பாட்டில் இடமில்லை. இந்தப் பிரிவினையை ஏற்றுக்கொண்ட சபை எங்கிருந்தாலும் அதன் உபதேசமே பழுதுபட்டது. வரலாற்றில் இதைச் சோதித்துப் பார்க்கச் சிறந்த இடம் பந்திதான்.

அந்தியோகியாவில் ஒரு சாப்பாட்டுச் சண்டை

சீரியாவின் அந்தியோகியா, ரோமாபுரிக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் அடுத்தபடியாகப் பேரரசின் மூன்றாவது பெரிய நகரம். சீடர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதலில் இங்கேதான் வழங்கியது என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. யூதரும் புறஜாதியாரும் ஒரே சபையாகி ஒரே பந்தியில் உண்ட ஊர் இது. பேதுருவும் அந்தப் பந்தியில் கலந்திருந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபைச் சார்ந்த சிலர் வந்ததும் அவர் பின்வாங்கினார். மற்ற யூதரும் விலகினார்கள், பர்னபாவும்கூட விலகினார். பவுல் எல்லாருக்கும் முன்பாகப் பேதுருவை முகத்துக்கு நேரே கண்டித்தார். கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பவுலே இதை எழுதியிருக்கிறார்.

பேதுருவின் தயக்கத்தை அற்பமென்று ஒதுக்கிவிடக் கூடாது. உணவு விதிகளைக் காப்பதற்காக மக்கபேயர் காலத்தில் உயிரைக் கொடுத்தவர்களின் வழிவந்தவர்கள் யூதர்கள். யாரோடு உண்பது என்ற கேள்வியில் அவர்களுடைய முன்னோரின் உடன்படிக்கையும் அடங்கியிருந்தது. சண்டை இவ்வளவு கடுமையானதற்கு அதுவே காரணம்.

பேதுருவைக் கண்டித்ததைச் சொன்ன கையோடு பவுல் எழுதுவது, மனிதர் நீதிமானாக்கப்படுவது நியாயப்பிரமாணக் கிரியைகளால் அல்ல, கிறிஸ்துவை விசுவசிப்பதால் என்ற வாதத்தை. புராட்டஸ்டண்ட் சபைகள் தங்கள் உயிர்நாடியாகக் கருதும் உபதேசம் இது. மார்ட்டின் லூதர் 1531-இல் விட்டென்பெர்க்கில் கலாத்தியர் நிருபத்தைப் பற்றி ஆற்றிய உரைகள் 1535-இல் நூலாயின. சீர்திருத்த இயக்கத்தின் அடிப்படை நூல்களில் அதுவும் ஒன்று. ஆனால் லூதரின் கேள்வி தனி மனிதனுடைய மனச்சாட்சியிலிருந்து எழுந்தது: குற்றவாளியான நான் தேவனுக்கு முன் எப்படி நிற்பேன்? பவுலின் கேள்வி பந்தியிலிருந்து எழுந்தது: தேவன் ஏற்றுக்கொண்டவனோடு நான் உண்ண மறுத்தால் என் விசுவாசம் என்னவாகிறது?

ஸ்வீடன் நாட்டு லுத்தரன் அறிஞர் கிறிஸ்டர் ஸ்டெண்டால் 1963-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் இந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டினார். மேற்கத்திய மனச்சாட்சியின் கண்ணாடி வழியாகப் பவுலைப் படித்ததால், யூதரும் புறஜாதியாரும் ஒன்றாவது பற்றிய அவருடைய கேள்வி மறைந்துபோயிற்று என்பது அவர் வாதம். எல்லாரும் அதை ஏற்கவில்லை. விவாதம் இன்னும் நடக்கிறது. எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்றை மறுக்க முடியாது: விசுவாசத்தால் நீதிமானாக்கப்படுதல் என்ற உபதேசத்தைக் கலாத்தியர் நிருபத்தில் பவுல் விரிக்கும் இடம், யார் யாரோடு உண்பது என்ற தகராறின் நடுவில்தான்.

கொரிந்துவில் இரண்டு வகைச் சாப்பாடு

அந்தியோகியாவில் பிரித்தது இனம். கொரிந்துவில் பிரித்தது பணம். ரோமர்கள் கி.மு. 146-இல் அழித்த கொரிந்துவை ஜூலியஸ் சீசர் கி.மு. 44-இல் குடியேற்ற நகரமாகப் புதுப்பித்தார். அங்கே குடியேற்றப்பட்டவர்களில் விடுதலை பெற்ற அடிமைகள் ஏராளம். இரண்டு பக்கமும் துறைமுகம், நடுவே வணிகம். பரம்பரைப் பெருமை இல்லாதவர்கள் பணத்தால் மேலேறத் துடித்த ஊர். தெல்பியில் கிடைத்த, ரோம ஆளுநர் கல்லியோனைக் குறிப்பிடும் கல்வெட்டை வைத்து, பவுல் இங்கே தங்கியிருந்த காலம் கி.பி. 50-ஐ ஒட்டியது என்று கணிக்கிறார்கள்.

சபை வீடுகளில் கூடியது. வசதியான ரோமானிய வீட்டின் உணவறையில் சாய்ந்து உண்ண ஒன்பது பேருக்கு இடம் இருக்கும். மற்றவர்கள் முற்றத்தில் இருக்க வேண்டும். உள்ளே ஒரு தரம், வெளியே ஒரு தரம் என்று விருந்தளிப்பது அக்கால வழக்கம். விருந்தொன்றில் உணவும் மதுவும் விருந்தினரின் தகுதிக்கேற்ப மூன்று தரமாகப் பிரிக்கப்பட்டதைக் கண்டு இளைய பிளினி எரிச்சலோடு கடிதம் எழுதியிருக்கிறார். ஜெர்மானிய அறிஞர் கெர்ட் தைசனும், அயர்லாந்தைச் சேர்ந்த ஜெரோம் மர்ஃபி-ஓ'கானரும் கொரிந்து சபையின் தகராறை இந்தப் பின்னணியில் வைத்து விளக்கினார்கள். ஓய்வுள்ளவர்கள் முன்பே வந்து வயிறார உண்டு குடித்தார்கள். வேலை முடித்து வந்த அடிமைகளுக்கும் கூலியாட்களுக்கும் மிச்சம்கூட இல்லை. அந்த விருந்தின் பெயரோ ஆண்டவருடைய இராப்போஜனம்.

பவுலின் தீர்ப்பு கடுமையானது. நீங்கள் உண்பது ஆண்டவருடைய விருந்தே அல்ல என்கிறார். இல்லாதவர்களை வெட்கப்படுத்தியவர்கள் தேவனுடைய சபையையே அசட்டை செய்தவர்கள் என்கிறார். இராப்போஜனத்தை அபாத்திரமாய் உண்பவன் தனக்கே ஆக்கினையை வருவித்துக்கொள்கிறான் என்ற எச்சரிக்கை இந்த இடத்தில்தான் வருகிறது.

தமிழ்ச் சபைகளில் இந்த எச்சரிக்கைக்குத் தனி வாழ்வு உண்டு. அந்த வாரம் கோபப்பட்டதை, பொய் சொன்னதை நினைத்துப் பயந்து, திருவிருந்தில் சேராமல் பின்வரிசையிலேயே இருந்துவிடுபவர்கள் பலர். தன்னைத் தானே சோதித்தறிவது நல்லதுதான். ஆனால் பவுல் கண்ட அபாத்திரம் வேறு: பசித்தவன் பார்த்துக்கொண்டிருக்கத் தான் மட்டும் உண்பது. இனத்தாலோ நிலத்தாலோ பிறரை எட்டி நிறுத்திவிட்டு, தன் தனிப்பட்ட குற்றங்களை மட்டும் எண்ணிப் பார்த்துத் தகுதி தேடிக்கொள்பவன், அந்த அதிகாரத்தைத் தலைகீழாகப் படித்தவன்.

பவுல் சொன்ன தீர்வும் முழுமையானதல்ல. ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்கிறார். பசி தாங்காதவர்கள் வீட்டிலேயே உண்டு வாருங்கள் என்றும் சொல்கிறார். இந்த இரண்டாவது அறிவுரை செல்வந்தரின் வீட்டுப் பந்தியை அப்படியே விட்டுவிடுகிறது. சபைக்குள் சமத்துவம், வீட்டுக்குள் பழைய ஒழுங்கு என்ற சமரசத்துக்கு இதில் ஒரு சன்னல் திறந்திருப்பதைத் தைசன் சுட்டிக்காட்டினார். அந்தச் சன்னல் பின்னாளில் வாசலாயிற்று.

விருந்து துண்டானபோது

ஏறக்குறைய கி.பி. 112-இல் பித்தினியாவின் ஆளுநராக இருந்த அதே பிளினி, கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடித் துதித்துக் கலைந்து, பிறகு சாதாரண உணவுக்காக மறுபடி கூடுவதைப் பேரரசர் டிராஜனுக்கு எழுதினார். 155-ஐ ஒட்டி ரோமாபுரியில் எழுதிய கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின், ஞாயிறு ஆராதனையை விவரிக்கிறார்: வாசிப்பு, பிரசங்கம், ஜெபம், அப்பமும் ரசமும். வராதவர்களுக்கு உதவிக்காரர்கள் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். வசதியுள்ளவர்கள் தரும் காணிக்கை அனாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையிலிருப்பவர்கள், வழிப்போக்கர்கள் ஆகியோரின் தேவைக்குப் போகிறது.

இந்த விவரிப்பில் ஒரு மாற்றம் தெரிகிறது. வயிறார உண்ணும் விருந்து இராப்போஜனத்திலிருந்து பிரிந்து அன்பின் விருந்தாயிற்று. பின்னர் பெரும்பாலான இடங்களில் அதுவும் மறைந்தது. இராப்போஜனம் ஒரு துண்டு அப்பம், ஒரு மிடறு ரசம் என்று சுருங்கியது. அதனால் ஒரு நன்மை விளைந்தது: எல்லாருக்கும் ஒரே அளவு. ஒரு ஆபத்தும் விளைந்தது: சேர்ந்து வாழாமலேயே சேர்ந்து பெற்றுக்கொள்ள முடிந்தது. பீடத்தில் ஒரே அப்பத்தில் பங்கு பெற்ற இருவர், வாசலைத் தாண்டியதும் ஒருவர் வீட்டில் மற்றவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கலாம். தமிழகத்தில் நடந்தது இதுதான்.

தரங்கம்பாடியும் இராசநாயக்கனும்

தமிழகத்தில் சாதிக்கு முதலில் இடம் தந்தது புராட்டஸ்டண்ட் மிஷன் அல்ல. 1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி இராபர்ட் தே நொபிலி, குடுமியும் பூணூலும் சமய அடையாளங்கள் அல்ல, சமூக வழக்கங்களே என்று வாதிட்டார். 1623-இல் ரோம் நிபந்தனைகளோடு அதை அனுமதித்தது. ஒடுக்கப்பட்ட சாதியினருக்காகப் பண்டாரசாமிகள் என்ற தனிக் குருக்கள் ஏற்படுத்தப்பட்டனர். 1704-இல் புதுச்சேரியில் திருத்தந்தையின் தூதர் தே தூர்னோன் பிறப்பித்த ஆணை, சாகும் தறுவாயில் இருக்கும் பறையர் கிறிஸ்தவரின் வீட்டுக்குள் குருக்கள் போயே ஆக வேண்டும் என்றது. அதன்மேல் எழுந்த வழக்கு 1744 வரை இழுத்தது. ஏழையின் குடிசைக்குள் குரு நுழையலாமா என்பதற்கு நாற்பது ஆண்டு விவாதம் தேவைப்பட்டது.

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவும் புளுச்சாவும் லூதரின் உபதேசத்தைக் கொண்டுவந்தவர்கள். சீகன்பால்கு மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு சில ஆண்டுகளில் அச்சேறியது. கலாத்தியர் நிருபம் தமிழரின் கைக்கு வந்தது. சபையிலோ வேளாளரும் பறையரும் தனித்தனியே உட்கார்ந்தார்கள்.

அந்த அச்சு நூல்களைப் படித்து மனம் மாறியவர்களுள் ஒருவர் இராசநாயக்கன். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த பறையர். தஞ்சை மன்னரின் படையில் சேர்வைக்காரர். 1720-களின் இறுதியில் தரங்கம்பாடி மிஷனில் சேர்ந்து உபதேசியாரானார். தஞ்சை வட்டாரத்தில் அச்சுறுத்தல்களுக்கு நடுவே சபையை வளர்த்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1733-இல் கடலூர் வேளாளரான ஆரோன் முதல் தமிழ் லுத்தரன் குருவாக அபிஷேகம் பெற்றார். அடுத்தவரைத் தேர்ந்தபோது இராசநாயக்கனின் பெயரும் பேசப்பட்டது. 1741-இல் அபிஷேகம் பெற்றவர் தியோகு. இராசநாயக்கனின் பக்தியிலோ உழைப்பிலோ யாரும் குறை சொல்லவில்லை. அவர் கையால் கொடுத்தால் மேல்சாதிக் கிறிஸ்தவர்களிடையே திருவிருந்தின் மதிப்பே குறைந்துவிடும் என்பதுதான் மிஷனரிகளின் தயக்கம்.

இந்தத் தயக்கத்தின் உள்ளடக்கத்தைக் கவனிக்க வேண்டும். திருவிருந்தின் மேன்மையைக் காப்பதற்காகவே, திருவிருந்து எதைக் குறிக்கிறதோ அது கைவிடப்பட்டது. பேதுருவைப் பவுல் கண்டித்த பகுதியைத் தமிழில் அச்சிட்ட அதே மிஷன் பேதுருவின் பக்கம் நின்றது.

கட்டளையும் எதிர்ப்பும்

அடுத்த நூற்றாண்டில் காற்று திசை மாறியது. பாளையங்கோட்டையில் மிஷனரி இரேனியுஸ் தம் பள்ளி மாணவர்கள் சாதி பாராமல் சேர்ந்து உண்ண வேண்டும் என்று வலியுறுத்தினார். 1826-இல் தென்னகம் வந்த கல்கத்தா அத்தியட்சர் ரெஜினால்ட் ஹீபர் நிதானமாக விசாரிக்க முயன்றார். அதே ஆண்டு ஏப்ரலில் திருச்சியில் இறந்துபோனார். பின்னர் அத்தியட்சரான டேனியல் வில்சன் 1833 ஜூலை 5-ஆம் தேதியிட்ட கடிதத்தில் சபைக்குள் சாதி வேற்றுமை உடனே, அறவே ஒழிய வேண்டும் என்று கட்டளையிட்டார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் பெருவாரியான வேளாளர் சபையை விட்டு விலகினர்.

எதிர்ப்பாளர்களில் முதன்மையானவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். பெரும் புலமை கொண்டவர், மிஷனரி சுவார்ட்ஸிடம் வளர்ந்தவர், இரண்டாம் சரபோஜியின் அவையில் மதிப்புப் பெற்றவர். புதிய மிஷனரிகள்மேல் அவர் வைத்த குற்றச்சாட்டுகள் நான்கு: பழகிய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றினார்கள், சாதிகளை வலிந்து கலக்கிறார்கள், விழாக்களில் பூக்களை விலக்குகிறார்கள், ஆராதனையில் தமிழ்ப் பாடலையும் இசையையும் ஒதுக்குகிறார்கள். இவற்றில் மூன்றை இன்றைய வாசகர் தயங்காமல் ஆதரிப்பார். ஒரு சமூகத்தின் மொழியையும் இசையையும் மலரையும் அயலார் வந்து கட்டளையிட்டு நீக்குவது அநீதி. சாதியையும் அதே வரிசையில் பண்பாடு என்று அவர் சேர்த்ததுதான் பிழை. பூவும் பாட்டும் யாரையும் வெளியே நிறுத்துவதில்லை. சாதி பிறரை வெளியே நிறுத்துவதாலேயே நிலைக்கிறது.

மிஷனரிகளின் பக்கத்திலும் குறை இருந்தது. வேளாளரும் பறையரும் சேர்ந்து உண்ண வேண்டும் என்று விதித்தவர்களின் சொந்த உணவு மேசையில் இந்தியருக்கு இடம் கிடைப்பது அரிது. திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வே.ச. அசரியா, 1910-இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் இதைத் திறந்து சொன்னார். மிஷனரிகள் தியாகம் செய்கிறார்கள், சம்பளம் தருகிறார்கள். சமமானவர்களாகப் பழகும் நட்பை மட்டும் தருவதில்லை என்பது அவருடைய உரையின் சாரம். அவையில் பலருக்கு அது கசந்தது. 1912 டிசம்பரில் அவரே ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

பந்தியை ஆணையால் நடத்த முயன்றவர்களும் உண்டு. மதுரை அமெரிக்க மிஷன் 1840-களில் சேர்ந்து உண்பதைச் சபை அங்கத்தினர்களுக்குச் சோதனையாக வைத்தது, பலர் விலகினார்கள். 1850-இல் சென்னை மிஷனரி மாநாடும் எந்தச் சாதியார் சமைத்ததையும் உண்ணத் தயாராக இருப்பதைச் சாதியைக் கைவிட்டதற்கு அடையாளமாகக் கொண்டது. லைப்சிக் லுத்தரன் மிஷன் மாறாக, சாதி ஒரு சமூக வழக்கமே, சுவிசேஷம் மெல்ல மெல்ல அதைக் கரைத்துவிடும் என்றது; ஆங்கிலிக்கன் சபைகளிலிருந்து விலகிய வேளாளர் பலர் அங்கே போய்ச் சேர்ந்தனர். கட்டளை கலகத்தில் முடிந்தது. பொறுமை சமாதானத்தில் முடிந்தது. அந்தச் சமாதானத்துக்கு விலை கொடுத்தவர்கள் தலித் கிறிஸ்தவர்கள்.

சுவர்

கத்தோலிக்கத் தரப்பில் இதே சிக்கல் செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் நின்றது. வடக்கன்குளத்தில் 1872-இல் எழும்பிய ஆலயம், வேளாளருக்கும் நாடாருக்கும் தனித்தனிப் பகுதிகளோடு பீடத்தில் மட்டும் கூடுமாறு கட்டப்பட்டது. 1910-இல் இயேசு சபைக் குரு கௌசானல் பிரிவுச் சுவரை இடித்தார். வேளாளர் நீதிமன்றம் சென்றனர். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் திருச்சபைக்குச் சாதகமாக முடிந்தது. ஆ. சிவசுப்பிரமணியனின் 'கிறித்தவமும் சாதியும்' இந்த வரலாற்றை விரிவாகத் தருகிறது.

பிரித்தானிய அரசின் நீதிமன்றம் ஆலயத்துக்குள் சாதி உரிமை செல்லாது என்றது. கிறிஸ்துவானவர் நடுச்சுவரை இடித்தார் என்ற எபேசியர் நிருபத்தின் உபதேசம் அந்த ஆலயத்திலும் வாசிக்கப்பட்டதுதான். இடிப்பதற்கு ஒரு குருவின் துணிவும், இடித்ததை நிலைநிறுத்த வழக்கும் வேண்டியிருந்தன.

தென்னாப்பிரிக்காவின் பாடம்

பந்தி பிரிந்தால் பிரமாணமே பிரிகிறது என்பதை இருபதாம் நூற்றாண்டில் தெளிவாக உணர்த்தியது தென்னாப்பிரிக்கா. 1829-இல் அங்கிருந்த டச்சு சீர்திருத்தச் சபையின் சினாடு, நிறம் பாராமல் எல்லா அங்கத்தினருக்கும் ஒன்றாகவே திருவிருந்து தர வேண்டும் என்று முடிவெடுத்தது. 1857-இல் அதே சினாடு, சேர்ந்திருப்பதே வேதத்துக்கு ஒத்தது என்று ஒப்புக்கொண்டபடியே, சிலருடைய பலவீனத்தின் நிமித்தம் கறுப்பினத்தவருக்குத் தனி ஆராதனையை அனுமதித்தது. 1881-இல் தனிச் சபையே உருவாயிற்று. ஒரு பந்தியில் செய்த சலுகை, அடுத்த நூறாண்டில் ஒரு நாட்டின் இனவொதுக்கலுக்கு வேத ஆதாரமாகக் காட்டப்பட்டது.

லுத்தரன் உலக சம்மேளனம் 1977-இல் டார் எஸ் சலாமில் கூடியபோது, இனவொதுக்கலைக் குறித்த நிலைப்பாடு விசுவாச அறிக்கையைச் சார்ந்த விஷயம் என்று அறிவித்தது. 1982-இல் ஒட்டாவாவில் கூடிய சீர்திருத்தச் சபைகளின் உலகக் கூட்டணி, இனவொதுக்கலை வேதத்தால் நியாயப்படுத்துவது வேதப்புரட்டு என்று தீர்ப்பளித்தது. வெள்ளைச் சபையின் பிரதிநிதிகளோடு திருவிருந்தில் சேரத் தென்னாப்பிரிக்கக் கறுப்பினப் பிரதிநிதிகள் சிலர் அந்தக் கூட்டத்தில் மறுத்தார்கள். அதே ஆண்டில் வரைவாகி 1986-இல் ஏற்கப்பட்ட பெல்ஹார் அறிக்கை, சபையின் ஒருமையை விசுவாசத்தின் பகுதியாகவே எழுதிவைத்தது.

தரங்கம்பாடியில் 1741-இல் சொல்லப்பட்ட காரணமும் கேப் டவுனில் 1857-இல் சொல்லப்பட்ட காரணமும் ஒன்றே: பலவீனரைப் பொறுத்துக்கொள்வது. இரண்டு இடங்களிலும் பலவீனர் எனப்பட்டவர்கள் அதிகாரத்தில் இருந்தவர்கள்.

ஐக்கியம் எட்டிய தூரம்

தமிழ்ச் சபைக்குப் பெருமைப்படவும் காரணம் உண்டு. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய 33 பேர், மேற்கு நாடுகளில் தோன்றிய பிரிவினைகளை இந்தியாவில் சுமந்து திரிய வேண்டியதில்லை என்று அறிக்கை விட்டனர். இருவரைத் தவிர அனைவரும் இந்தியர். அசரியாவும் அவர்களில் ஒருவர். அந்த விதை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபையாக முளைத்தது. பேராயர் ஆட்சியுள்ள ஆங்கிலிக்கன் சபையும், மெதடிஸ்ட் சபையும், பேராயர் ஆட்சியே இல்லாத தென்னிந்திய ஐக்கிய சபையும் ஒரே திருவிருந்தில் கூடின. இப்படி ஓர் இணைப்பு உலகில் அதற்குமுன் நடந்ததில்லை. 1950-இல் வெளிவந்த அதன் திருவிருந்து முறைமையில், கையோடு கை சேர்த்துச் சமாதானத்தைப் பீடத்திலிருந்து கடைசி வரிசை வரை கடத்தும் வழக்கம் இடம்பெற்றது. உலகச் சபைகள் பல அதைக் கண்டு கற்றுக்கொண்டன.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பிறந்த வேற்றுமைகளைத் தீர்த்துக்கொண்ட சபைக்குள் சொந்த ஊரில் பிறந்த வேற்றுமை தங்கிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊர் ஊராக, சாதி சாதியாக மக்கள் சபையில் சேர்ந்ததால் பல சபைகள் ஒரே சாதியார் நிறைந்தவையாக அமைந்தன. தென்மாவட்டங்களில் பண்டிகைக்குப் பண்டிகை அண்டா அண்டாவாகச் சமைத்து ஊரே உண்ணும் அசனம் அருமையான வழக்கம். அந்தியோகியாவின் பந்திக்கு நெருங்கிய உறவு அதுதான். ஆனால் பந்தியில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் ஒரே சாதியானால் அங்கே பேதுருவுக்குச் சோதனையே இல்லை.

இதை இறையியலாக எடுத்துச் சிந்தித்தவர் ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு. மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்தவர். மாணவர்களுக்குப் பரட்டை அண்ணன். நாட்டுப்புற இசையில் வழிபாட்டு முறையே இயற்றினார். தலித் மக்களின் வாழ்விலிருந்து அவர் எடுத்த கருத்து ஒரே உலை: வீட்டுக்கு வீடு தனித்தனியாக வேகும் சோறு ஒரே பானையில் வெந்து, எல்லாரும் சேர்ந்து உண்பதே நற்கருணையின் பொருள் என்றார். ஜஸ்டின் காலத்தில் அப்பத்திலிருந்து பிரிந்த சாப்பாட்டை அவர் திரும்ப அப்பத்தோடு சேர்த்தார்.

நீதிமன்றத்தில் ஒரு சாட்சி

1950-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணை, கிறிஸ்தவரான தலித்துகளைப் பட்டியல் சாதியினராக ஏற்கவில்லை. 1985-இல் சூசை வழக்கில் உச்ச நீதிமன்றம், மதம் மாறிய பிறகும் சாதியின் பாதிப்பு அதே கடுமையோடு தொடர்வதை நிரூபிக்க வேண்டும் என்றது. அன்றுமுதல் திருச்சபைகள் விசித்திரமான நிலையில் நிற்கின்றன. தங்கள் மக்களுக்கு நியாயம் கேட்க வேண்டுமானால், கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்ற தங்கள் உபதேசம் தங்கள் மத்தியில் நிறைவேறவில்லை என்று அவர்களே சாட்சி சொல்லியாக வேண்டும். அந்தக் கோரிக்கை நியாயமானதே. அதற்கான ஆதாரம் சபையின் கல்லறைகளிலும் திருமணப் பதிவேடுகளிலும் கிடைப்பதுதான் அவமானம்.

2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் கிறிஸ்தவர்களுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டது. நாட்டின் ஏறக்குறைய 1.9 கோடி கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்று அது கூறியது. தலைமைப் பொறுப்புகளில் அவர்கள் மிகக் குறைவு என்பதையும், சபைக்குள் தீண்டாமை இருப்பதையும் அது ஒப்புக்கொண்டது. சாதியைப் பாவம் என்று அறிவிக்கும் தீர்மானங்கள் புராட்டஸ்டண்ட் சபைகளிலும் உண்டு. ஆனால் பாவம் என்பது ஒழுக்கத் தீர்ப்பு. அதைச் செய்தவர் வருந்தினால் போதும். விசுவாசத்துக்கு மாறானது என்பது வேறு தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைச் சொன்ன சபை, தனிக் கல்லறையையும் தனிப் பந்தியையும் வைத்துக்கொண்டு பிரமாணம் சொல்ல முடியாது.

எனவே திருச்சபைகள் செய்ய வேண்டியவை மூன்று. இறந்தவர்களைச் சாதிவாரியாகப் பிரிக்கும் கல்லறைச் சுவர்களை ஆயர்களும் பேராயர்களும் தங்கள் சொந்த அதிகாரத்தால் அகற்ற வேண்டும். இதற்கு நீதிமன்றம் தேவையில்லை. குருத்துவத்துக்கும் பேராயர் பதவிக்கும் நடக்கும் தேர்தல்களில் சாதிக் கணக்குப் போடுவதை உபதேச மீறலாகவே விசாரிக்க வேண்டும். திருவிருந்துக்குப் பின் ஒரு சபையின் மக்கள் மற்றொரு சாதியார் வாழும் சபையின் வீடுகளுக்குப் போய் உண்ணும் வழக்கத்தை, பண்டிகைச் சடங்காக இல்லாமல் வழக்கமாகவே கொண்டுவர வேண்டும். ஆயர்கள் தங்கள் வீட்டிலிருந்தே அதைத் தொடங்க வேண்டும். இவற்றைச் செய்யாத சபை பரிசுத்தவான்களின் ஐக்கியத்தை விசுவாசிக்கிறேன் என்று சொல்லலாம். ஆனால் தான் சொல்வதை அது விசுவசிக்கவில்லை.